நொடிக்கு அறுபது படம்

கம்ப்யூட்டரில் விளையாடுகிறவர்களை உங்களுக்குத் தெரியும். அவர்கள் தோளுக்குப் பின்னால் நின்று "இப்ப விடு, இப்ப விடு" என்று உயிரை வாங்குகிறவர்களையும் தெரியும். இவர்களைத் தவிர மூன்றாவதாக ஓர் இனம் உண்டு. அதற்கு இதுவரை யாரும் பெயர் வைத்ததாகத் தெரியவில்லை, ஆகவே நானே நோண்டியார் என்று வைத்துவிடுகிறேன். நோண்டியார் விளையாடமாட்டார். விளையாடுவதை வேடிக்கை பார்க்கவும் மாட்டார். விளையாட்டு எத்தனை வேகமாக ஓடுகிறது என்பதை மட்டும் பார்ப்பார். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால், சாம்பார் வாளி எந்தப் பக்கமிருந்து புறப்பட்டால் எல்லா இலைக்கும் சீக்கிரம் போய்ச் சேரும் என்று பக்கத்து இலைக்காரருக்குக் கைவிரலால் கோடு போட்டு விளக்குவார். அதற்குள் வாளி அவரைத் தாண்டிப் போய்விடும்.

இந்த இனத்தின் உத்தமமான மாதிரி ஒன்று 2006ஆம் வருஷம் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் குடியிருந்தது. பெயர் வெற்றிச்செல்வன். தட்டாஞ்சாவடியில் ஓர் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் சூப்பர்வைசர். மனைவி பூர்ணிமா. வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர், புதிதாக வந்த பிராட்பேண்ட், அதில் பூர்ணிமா விளையாடும் பெத்தாங்.

பெத்தாங் என்னவென்று புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: தரையில் கிடக்கும் ஒரு சின்ன மரக்குண்டுக்குப் பக்கத்தில் யார் தன் இரும்புக் குண்டைக் கொண்டுபோய் நிறுத்துகிறாரோ அவருக்குப் புள்ளி. பதின்மூன்று எடுத்தால் வெற்றி. கம்ப்யூட்டரிலோ திரையில் ஒரு கோடு இப்படியும் அப்படியும் ஓடும். சரியான இடத்துக்கு அது வரும்போது மவுஸ் என்கிற எலியை அமுக்கினால் குண்டு பறக்கும். அவ்வளவுதான் விளையாட்டு.

அவ்வளவுதானா? வெற்றிச்செல்வனிடம் கேட்டுப் பாருங்கள். அந்த விளையாட்டு சும்மா ஓடாது, அடியில் ஜாவா என்று ஒன்று இருந்து அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டும், அந்த ஜாவாவை ஒருத்தர் மட்டும் தயாரிப்பதில்லை, நாலைந்து பேர் தயாரிக்கிறார்கள், எல்லாம் ஒரே வேலையைத்தான் செய்யும் ஆனால் ஒன்று மாதிரி ஒன்று ஓடாது, வந்ததை வைத்துக்கொண்டு ஓட்டுகிறவன் ஏமாளி, மாற்றிப் போட்டுப் பார்க்கிறவன்தான் மனுஷன் என்று ஆரம்பித்து, நீங்கள் செருப்பைத் தேடும்வரை பேசுவார். திரையின் மூலையில் ஓர் எண் மின்னும். நொடிக்கு எத்தனை படம் வரைகிறது என்ற கணக்கு அது, அறுபது வந்தால் உச்சம். பூர்ணிமா குண்டைப் பார்ப்பாள், இவர் எண்ணைப் பார்ப்பார். எண் பதினொன்று. அந்தப் பதினொன்றைப் பார்த்தால் அவருக்கு வயிறு எரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு இன்டர்நெட் பெத்தாங் போட்டியின் இறுதி ஆட்டம். எதிர்ப்பக்கம் பாரிசில் இருக்கும் க்ளெமான்ஸ். இரண்டு பேரும் ஒன்றாகப் படித்தவர்கள். ஓட்டப்பந்தயத்தில் க்ளெமான்ஸ் முதல், பூர்ணிமா இரண்டாவது. பிரெஞ்சுப் பாடத்திலும் அப்படியே. பாட்டுப்போட்டியில் பூர்ணிமாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பத்தொன்பது வருஷமாக ஒரே ஒரு தடவைகூட க்ளெமான்சை ஜெயித்ததில்லை. பதினாறு பேர் கலந்துகொண்ட போட்டியில் மற்றவர்களையெல்லாம் உருட்டித் தள்ளிவிட்டு இப்போதுதான் நேருக்கு நேர் வந்திருக்கிறாள்.

"இன்னிக்கி மட்டும் அதுல கை வெக்காதீங்க," என்றாள் காலையில்.

"சேச்சே, நா ஏன் கை வெக்கப் போறேன்," என்றார் வெற்றிச்செல்வன்.

உண்மையாகத்தான் சொன்னார். பாவம், நோண்டியார்கள் பொய் சொல்வதில்லை. பன்னிரண்டு மணிக்கு அவள் மீன் கழுவப் போனதும், சும்மா ஒரு பார்வை பார்க்கலாமே என்று உட்கார்ந்தார். முந்தின நாள் இறக்கி வைத்திருந்த புது ஜாவா ஒன்று இருந்தது. சும்மா போட்டுப் பார்த்தார். பழையது இடைஞ்சலாக இருக்குமே என்று அதைச் சும்மா அழித்தார். குப்பைத்தொட்டியையும் காலி செய்தார். விளையாட்டைத் திறந்தார். மூலையில் எண்: ஐம்பத்தெட்டு.

ஐம்பத்தெட்டு! கோடு எண்ணெயில் வழுக்கிக்கொண்டு போனது. வெற்றிச்செல்வனுக்குக் கண் கலங்கிவிட்டது. அறுபதுக்கு இன்னும் இரண்டே இரண்டு. சாப்பிடும்போது மீன்முள்ளைக்கூடக் கவனிக்காமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்குப் பக்கத்து வீட்டு லுயீஸ் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், க்ளெமான்சுக்குத் தகப்பனார்.

"மாமா, நீங்க யாரு பக்கம்?" என்றாள் பூர்ணிமா.

"உம் பக்கந்தாம்மா. அவ ஜெயிச்சா ஒரு மணி நேரம் போன்ல அதையே பேசுவா. எனக்குக் காது நோவும்."

ஆட்டம் ஆரம்பித்தது. பூர்ணிமாவின் முதல் குண்டு மரக்குண்டைத் தாண்டி எங்கோ போனது. இரண்டாவது குண்டு பாதி வழியிலேயே படுத்துவிட்டது. அரை மணியில் எட்டுக்குப் பூஜ்யம். அவள் எலியைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகத் திரும்பினாள்.

"இன்னா பண்ணீங்க?"

"வேகமாக்கிட்டேன் பூர்ணி. ஐம்பத்தெட்டு. பாரு, எப்பிடி வழுக்கிக்கினு போவுது பாரு."

"அது நின்னு நின்னு வரும்ங்க. நாலாவது வாட்டி நிக்கறப்போ அமுக்குவேன். ஒரு வாட்டிகூடத் தப்பினதில்ல. இப்ப நிக்கவே மாட்டேங்குது."

இத்தனை நாளும் வெற்றிச்செல்வன் நோய் என்று நினைத்து வைத்தியம் பார்த்தது அவளுடைய தாளம்.

"பழச திரும்பப் போடுங்க."

"அழிச்சிட்டேன். இறக்க முக்கா மணி ஆவும்."

ஒரு குண்டு வீச ஒரு நிமிஷந்தான் அவகாசம். பூர்ணிமாவின் கண்ணில் நீர் கட்டியதை இவர் பார்த்தார். கல்யாணமான எட்டு வருஷத்தில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து அவர் மூலையிலுள்ள எண்ணை விட்டுவிட்டு வேறொன்றைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பார்த்தவர் பாய்ந்தார். அவளுக்கும் மேசைக்கும் நடுவே கையை நுழைத்து வைரஸ் தேடும் வேலையை முடுக்கிவிட்டார். நாற்பத்தொன்று. கொழுந்தியாள் கல்யாண சிடியைச் செருகினார், நாதஸ்வரம் பிளந்து கட்டியது. இருபத்தாறு. கம்பெனியின் ஸ்டாக் கணக்கு முழுவதையும் பிரிண்டருக்கு அனுப்பினார், அது முனகிக்கொண்டே தாள் தாளாகத் துப்ப ஆரம்பித்தது. பதினேழு. எண் இறங்க இறங்க அவர் துள்ளினார். லுயீஸ் குனிந்து தாள்களைப் பொறுக்கிக்கொண்டே "அலே, அலே" என்று பிரெஞ்சில் உசுப்பேற்றினார். பதினான்கு. பன்னிரண்டு. பதினொன்று!

கோடு நின்றது. நகர்ந்தது. நின்றது. பூர்ணிமா மூக்கை உறிஞ்சிக்கொண்டு எலியைப் பிடித்தாள்.

அதற்குப்பின் நடந்ததை எப்படிச் சொல்வது? எட்டுக்கு மூன்று, எட்டுக்கு ஆறு. மாப்பிள்ளை தாலி எடுக்கும்போது ஒன்பதுக்கு ஒன்பது. கெட்டிமேளத்தில் அவள் வீசிய குண்டு க்ளெமான்சின் குண்டை எகிற அடித்தது. கடைசியில் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு, கையில் மிச்சம் ஒரு குண்டு. அந்த நேரம் பார்த்தா வைரஸ் தேடல் முடிந்து தொலைய வேண்டும்? எண் முப்பதுக்குத் தாவியது.

"ஓடுதுங்க," என்றாள்.

வெற்றிச்செல்வன் யோசிக்கவில்லை. அதே பெத்தாங்கை அதே புது ஜாவாவில் இன்னொரு தடவை திறந்தார், மறுபடி திறந்தார், நாலு பெத்தாங் அடுக்கடுக்காக ஓடின. முப்பது இருபதாகி, இருபது பதினொன்றாகி, கோடு விக்கி விக்கி நின்றது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. அவள் அமுக்கினாள். குண்டு உருண்டு, தயங்கி, மரக்குண்டின் கன்னத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

பூர்ணிமா நாற்காலி மேல் ஏறி நின்று சிரித்தாள். லுயீஸ் தன் மகள் தோற்றதற்குக் கை தட்டினார். இறங்கி வந்த பூர்ணிமா புருஷன் தோளில் முகத்தை வைத்து, "நீங்க இல்லன்னா ஜெயிச்சிருக்கவே மாட்டேன்," என்றாள். அவர் இல்லாவிட்டால் பதின்மூன்றுக்கு நாலில் ஜெயித்து நாலு மணிக்கே காப்பி போட்டிருப்பாள். அது அவளுக்கும் தெரியும்.

வெற்றிச்செல்வன் திருந்தியிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? ஆறு மணிக்குப் பூர்ணிமா விளக்கேற்றிவிட்டு வந்து பார்த்தால், மனுஷன் இன்னொரு புது ஜாவாவை இறக்கிக்கொண்டிருந்தார்.

"பதினொண்ணே கொஞ்சம் ஜாஸ்தி பூர்ணி. இத ஒம்பதுக்குக் கொண்டாந்துட்டேன்னு வெச்சுக்க, உனுக்கு இன்னும் நல்லா வரும்."

பூர்ணிமா கம்ப்யூட்டரின் மின்கம்பியை இரண்டு பக்கமும் பிடுங்கி, சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

நீங்கள் அந்த இனமில்லை என்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம். ஆனால் இதைப் படித்துக்கொண்டு வரும்போது, ஜாவா பத்தியைக் கொஞ்சம் வெட்டியிருந்தால் கதை இன்னும் விறுவிறுவென்று ஓடியிருக்குமே என்று ஒரு நினைப்பு வந்ததா, இல்லையா? வந்திருந்தால் உங்கள் வீட்டுக்காரியிடம் போய், நான் எதையாவது சரிசெய்து கொடுத்து உனக்கு உதவியாக இருந்ததுண்டா என்று கேளுங்கள். அவள் சட்டென்று "உண்டுங்க" என்று சொன்னால், அவள் இடுப்பில் என்ன செருகியிருக்கிறது என்று பாருங்கள்.