பேண்ட் மேடையா, கம்பி வேலியா?

கோழைக்கு இரண்டு மொழி தெரிந்திருப்பது ஊருக்கே ஆபத்து. இதை நான் யாரிடமும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கழுத்தளவுத் தண்ணீரில் நின்று தெரிந்துகொண்டேன்.

அறுபதுகளின் தொடக்கம். ஹட்டனிலிருந்து நுவரெலியா போகும் வழியில் ஒரு சின்னப் பட்டணம். (பெயர் வேண்டாம். இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள்.) அங்கே பட்டின சபையில் எனக்குத் தற்காலிக மொழிபெயர்ப்பாளர் வேலை. வயது இருபத்து மூன்று. உத்தியோகத்தர் மாதிரித் தெரியவேண்டும் என்பதற்காக ஒரு மூக்குக் கண்ணாடி போட்டிருந்தேன். பார்வையில் குறை ஒன்றும் இல்லை, மரியாதையில்தான் குறை. ஆறு மாதம் ஒழுங்காக இருந்தால் வேலை நிரந்தரம் என்று சேர்மன் சொல்லியிருந்தார். ஆகவே சேர்மன் தும்மினால்கூட அதை நான் தமிழிலும் சிங்களத்திலும் ஆமோதித்துக்கொண்டிருந்தேன்.

ஊரில் ஒரு ஏரி இருந்தது. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் துரை வெட்டியது. அக்கரையில் சைப்ரஸ் மரங்கள். இக்கரையில் புல்தரை, அதன் ஓரமாக ஓர் ஒற்றையடிப் பாதை. மரக்கறித் தோட்டங்களில் வேலை செய்கிறவர்கள் அந்தப் பாதையால்தான் போய்வருவார்கள். பிற்பகலில் மூட்டம் இறங்கிவிட்டால் பாதை எது, தண்ணீர் எது என்று தெரியாது.

அந்த வருடம் ஏரிக்கரைப் பூங்காவைத் திருத்த அரசாங்கத்திலிருந்து கொஞ்சம் பணம் வந்தது. சேர்மனுக்குப் பூப்பாத்திகளும் நடுவில் ஒரு பேண்ட் மேடையும் வேண்டும். கொழும்பில் பார்த்திருந்தாராம். (எங்கள் ஊரில் பேண்ட் வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.) பேக்கரி முதலாளிக்கோ கம்பி வேலியும் இரண்டு விளக்கும் வேண்டும். பாண் கொண்டுபோன அவருடைய சைக்கிள் இரண்டு தடவை ஏரிக்குள் போயிருந்தது. இருக்கிற பணத்தில் ஒன்றுதான் முடியும். ஊரைக் கூட்டிக் கேட்டுவிடுவோம், அதையும் ஏரிக்கரையிலேயே வைத்துக் கேட்போம், அழகைப் பார்த்தால் சனம் பேண்ட் மேடைக்கே கை தூக்கும் என்று சேர்மன் கணக்குப் போட்டார்.

புல்தரையில் ஒரு கயிறு கட்டப்பட்டது. வாக்காளர் இடாப்பில் பெயர் உள்ளவர்கள் கயிற்றுக்கு உள்ளே, கதிரைகளில். இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று குடியுரிமைச் சட்டத்தில் வோட்டை இழந்த எங்கள் தோட்டச் சனம் கயிற்றுக்கு வெளியே, நின்றபடி. பேசலாம், ஆனால் கை தூக்கக்கூடாது. என் தகப்பனார் எப்படியோ குடியுரிமைக் கடுதாசி எடுத்து வைத்திருந்ததால் நான் உள்ளே.

வெளியிலிருந்து ஓர் அம்மாள் முன்னால் வந்தாள். பெயர் மாரியாயி. கரட் தோட்டத்தில் வேலை. தலையில் கம்பளி போட்டிருந்தாள்.

"ஐயா, எந்தங்கச்சி செல்லம் போன மார்கழியில இந்த எடத்துலதாங்க உழுந்துச்சு. தலையில மூட்டையோட போயிருக்கு. மூட்டத்துல பாத தெரியல. மறுநாத்தான் எடுத்தோம். ஒரு கம்பி இருந்திருந்தா அதப் புடிச்சுக்கிட்டு நின்னுருக்கும். பேண்டு மேடையெல்லாம் எங்களுக்கு என்னத்துக்குங்க?"

சேர்மன் என் பக்கம் திரும்பினார். அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் முகத்தில் பேண்ட் மேடை தெரிந்தது. எனக்கு நிரந்தர வேலை தெரிந்தது.

"இந்த இடம் மிகவும் அழகானது என்கிறாள், சேர்" என்றேன் சிங்களத்தில்.

சேர்மன் பூரித்துப் போனார். "தங்கச்சி என்றாளே, அது என்ன?"

அந்த ஒரு சொல் அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"அவளுடைய தங்கச்சியும் இங்கேதான் இருக்கிறாளாம், சேர்."

"அப்படியா? தங்கச்சியையும் அபிப்பிராயம் சொல்லச் சொல்லு."

நான் மாரியாயியிடம் திரும்பி, "சேர்மன் ரொம்ப வருத்தப்படுறாருங்க" என்றேன். அவள் கண் கலங்கி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவரும் மகிழ்ச்சியாகக் கும்பிட்டார். (இதை எழுதும்போதும் எனக்குக் காது சுடுகிறது.) தமிழ் தெரிந்த சிங்களவர்கள் நாலைந்து பேர் என்னையே பார்த்தார்கள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். பேக்கரி முதலாளி எழுந்து, "மாத்தையா, இந்தப் பொடியன் சொன்னது..." என்று தொடங்கினார்.

அப்போதுதான் மூட்டம் வந்தது.

முதலில் அக்கரை மரங்கள் போயின. பிறகு தண்ணீர். பிறகு கயிறும் கயிற்றுக்கு வெளியே நின்றவர்களும். சேர்மனின் வெள்ளைத் தொப்பி கொஞ்ச நேரம் தனியாக மிதந்துகொண்டிருந்தது, அதுவும் போனது. பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வாயை மூடினார்கள். நூறு பேர் நிற்கும் இடத்தில் ஒருவர் மூச்சு விடுவதுகூடக் கேட்கவில்லை.

"கை தெரியாது" என்றது சேர்மனின் குரல். "குரல் கொடுக்கட்டும். நீ எண்ணு."

பேண்ட் மேடை வேண்டும் என்பவர்களைக் கேட்டேன். சிங்களத்தில் ஏழெட்டு "ஒவ்", அதாவது ஆமாம், வந்தது. அதில் இரண்டு சேர்மனின் மைத்துனர் ஒருவருடையதே.

கம்பி வேலி வேண்டும் என்பவர்களைக் கேட்டேன்.

"ஒவ்" என்றார் பேக்கரி முதலாளி. இன்னும் சில "ஒவ்". பிறகு ஒரு "ஆமா". அது கயிற்றுப் பக்கமிருந்து வந்தது. பின்னால் இன்னொரு "ஆமா". பிறகு சரம்சரமாக, ஆண் குரலும் பெண் குரலும், "ஆமா, ஆமா" என்று. மூட்டத்துக்கு இடாப்பு தெரியாது.

"வோட்டு உள்ளவர்கள் மட்டும்!" என்று சேர்மன் கத்தினார். எல்லாம் அடங்கியது.

அந்த அமைதியில், ஏரிப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"ஆமா."

பெண் குரல். பாரம் சுமந்து வந்தவர் மூச்சு வாங்கிக்கொண்டு சொல்வதுபோல. அந்தப் பக்கம் கதிரை இல்லை, கயிறு இல்லை. ஐந்தாறு அடிக்கு மேல் தரையே இல்லை.

என் முதுகுத்தண்டில் யாரோ ஈரக்கையை வைத்தமாதிரி இருந்தது.

"அது யார்?" சேர்மன் கிசுகிசுத்தார்.

"தெரியாது, சேர்."

"போய்ப் பார். இடாப்பில் பெயர் இருக்கிறதா என்று கேள்."

அறிவுள்ள எவனும் போயிருக்க மாட்டான். நான் நிரந்தரமாகப் போகிறவன் ஆயிற்றே, போனேன். கையில் இடாப்பு, கண்ணாடி முழுக்க நீர்த்திவலை. அதைக் கழற்றியிருக்கலாம், ஆனால் மரியாதை.

"உங்க பேரு என்னங்க?" என்று மூட்டத்தைக் கேட்டேன்.

"இங்கிட்டு" என்றது குரல். "இங்கிட்டு வாங்க."

மூன்றாவது எட்டில் பட்டின சபையின் தரை முடிந்துவிட்டது.

அந்தக் குளிரை எந்த மொழியிலும் பெயர்க்க முடியாது. அடியில் பாசி காலைச் சுற்றியது. பாசிதான் என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே வெள்ளை. நான் அலறிய அலறலில் தமிழும் சிங்களமும் கலந்திருந்ததாகப் பிறகு சொன்னார்கள். சேற்றில் கால் ஊன்றி, தண்ணீர் தாடையைத் தொட நின்றபோது, ஈரக் கம்பளி ஒன்று என் முகத்தில் வந்து அடித்தது.

"புடிங்க! கால ஒதறாதீங்க, சேறு உள்ள இழுக்கும்! அப்படியே சாஞ்சு வாங்க!"

மாரியாயி. அந்த வெள்ளைக்குள் இடம் தப்பாமல் எறிய அவள் ஒருத்தியால்தான் முடியும். அவளும் பேக்கரி முதலாளியும் என்னைக் கரையில் இழுத்துப் போட்டார்கள்.

"எந்தங்கச்சி உழுந்த எடம்னு இப்பத்தானேங்க சொன்னேன்" என்றாள். "அதே எடத்துல வந்து உழுகிறீங்களே!"

"என்ன சொல்கிறாள்?" என்று கேட்டார் சேர்மன்.

இந்தத் தடவை சொன்னேன். பல் கிடுகிடுக்க, முதலிலிருந்து, அவள் சொன்னதும் நான் சொன்னதுமாக எல்லாவற்றையும் சொன்னேன். சேர்மன் ஏரிப் பக்கம் திரும்பினார். பிறகு தொப்பியைக் கழற்றினார்.

"அப்படியானால் நான் யாரை அபிப்பிராயம் சொல்லச் சொன்னேன்?"

 வோட்டை யாரும் மறுபடி எண்ணவில்லை. அடுத்த மாதம் கம்பி வேலி வந்தது, இரண்டு விளக்கும் வந்தன. என் வேலை போனது. அதில் எனக்குப் புகார் இல்லை. வட்டவளைப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகிவிட்டேன்.

ஊரை விட்டுப் போகுமுன் மாரியாயியைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன்.  "உங்களால எந்தங்கச்சி ரெண்டாந்தடவ செத்துப்போச்சுங்க" என்றாள். பிறகு, "சரி, வேலி வந்துருச்சுல்ல" என்றாள்.

போகிறபோக்கில் கேட்டேன். "நீங்கதானே அன்னைக்கு அங்கிட்டுப் போகாதீங்கன்னு கத்துனீங்க? அதுதான் எனக்கு இங்கிட்டுன்னு கேட்டுச்சோ?"

"கத்துனேங்க" என்றாள். "நீங்க உழுந்ததுக்கு அப்புறந்தான் கத்துனேன்."

நாலு வருடம் கழித்து, கல்யாணமான புதிதில், மனைவியோடு அந்த வழியாக பஸ்ஸில் போனேன். ஏரிக்கரை வந்ததும் கண்டக்டர், "கிளாக்கர் உழுந்த எடம்! கிளாக்கர் உழுந்த எடம் எறங்குங்க!" என்றார். சபையில் பேனா பிடித்தவன் எவனும் சனத்துக்குக் கிளாக்கர்தான்; அந்தத் தரிப்பிடத்துக்கு நான் விழுந்ததே பெயராகியிருந்தது எனக்குத் தெரியாது.

"ஐயோ பாவம், யாருங்க அது?" என்றாள் மனைவி. "செத்துப் போயிட்டாரா?"

"ஆமா, பாவம்" என்றேன், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

கண்டக்டர் குனிந்து என் முகத்தைப் பார்த்தார். பேக்கரி முதலாளியிடம் முன்பு சைக்கிளில் பாண் கொண்டுபோனவர், என்னை நன்றாகத் தெரிந்தவர்.

"செத்தவரு இன்னும் டிக்கெட் எடுக்கலீங்களே, அம்மா" என்றார்.

பஸ்ஸே சிரித்தது. அந்தப் பெயரைப் பிற்காலத்தில் பேரப்பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். இப்போதும் நான் அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்த்தால் உள்ளே குரல் போகிறது: "ஆச்சி, செத்துப்போன கிளாக்கர் தேத்தண்ணி கேக்குறாரு!"