கழலாத கயிறு

கயாக் என்னும் சிறு துடுப்புப் படகில் கடலுக்குப் போய்க் களைத்துவிடுபவர்களைக் கரைக்கு இழுத்துவர உகந்த கயிற்றைத் தேர்ந்தெடுக்கும் பொருட்டு, நீர்விளையாட்டுத் துறையில் எழுவர் கொண்ட உயர்மட்டக் குழு அமைக்கப்பட்டது. எழுவரில் ஒருவரும் கயாக்கில் உட்கார்ந்தது கிடையாது. எனவே பாரபட்சத்துக்கு இடமில்லை. கூட்டக் குறிப்பு எழுதும் பொறுப்பு எனக்கு.

துறையிலேயே நீந்தத் தெரிந்த ஒரே ஆளான பெண் பயிற்சியாளர், ஒரு பெல்ட்டை மேசைமேல் வைத்தார். "கயிறு இதுலதான் சார் இருக்கும். இடுப்புல கட்டிக்கிட்டுப் பின்னால வர்ற படகை இழுப்பேன். அது பாறைப் பக்கம் போச்சுன்னா, இந்தச் சிவப்பு உருண்டையைப் பிடிச்சு ஒரு இழு. பெல்ட் கழண்டுடும். இல்லேன்னா நானும் சேர்ந்து போயிடுவேன்."

"கழண்டுடுமா?" சரக்கறைக் கண்காணிப்பாளருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "கடல்ல போனா யார் பதில் சொல்றது? அரசாங்கச் சொத்தும்மா."

"என் உயிர் போனா?"

"அது என் பதிவேட்ல வராதும்மா."

குழு ஆழ்ந்து ஆலோசித்தது. பெல்ட்டுக்குப் பூட்டுப் போடுவதென்றும், சாவி கண்காணிப்பாளர் வசம் இருக்குமென்றும், ஆபத்து நேருங்கால் உரிய படிவத்தில் விண்ணப்பித்துப் பெறலாமென்றும் ஒருமனதாக முடிவாயிற்று. நிறத்துக்குத்தான் இரண்டு நாள் சண்டை. இந்த வருஷம் எல்லோரும் ஊதாதான் போடுகிறார்கள் என்று குழுத் தலைவரான துறை இயக்குநர் சொன்னார். ஊதா.

தொடக்க விழாவில் தன்னைத்தான் இழுக்க வேண்டுமென்று இயக்குநர் அடம்பிடித்து, கறுப்புக் கண்ணாடி சகிதம் கயாக்கில் ஏறினார். நடுவழியில் புகைப்படக்காரருக்குக் கையசைக்க எழுந்து நின்றார். படகு கவிழ்ந்தது. அலை அதைப் பாறைப் பக்கம் தள்ள, முன் படகிலிருந்து இழுத்துப்போன பயிற்சியாளரும் பின்னோக்கி இழுபட்டார். "சாவியைக் கொண்டாங்க" என்று அவர் அலறியது கரைவரை கேட்டது. கண்காணிப்பாளர் சாப்பிடப் போயிருந்தார். நான் படிவத்தை எடுத்து வைத்தேன்.

பயிற்சியாளர் இடுப்பிலிருந்த கத்தியை உருவிக் கயிற்றை அறுத்தார். பிறகு நீந்திப்போய், இயக்குநரைக் காலரைப் பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்து போட்டார்.

மறுநாள் விசாரணை. தலைமை, இயக்குநர்.

"கத்திக்கு அனுமதி வாங்கினீங்களா?"

"இல்ல சார். சொந்தக் கத்தி. அறுக்கலேன்னா இன்னைக்கு நீங்க இந்த நாற்காலில இல்ல."

இயக்குநர் சற்று யோசித்தார். "நியாயந்தான். அதையும் குறிப்புல எழுதிக்குங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அரசுக் கயிற்றைச் சேதப்படுத்தியதற்கான குற்றக் குறிப்பாணையில் கையெழுத்திட்டார். இனி எந்தக் கத்திக்கும் அறுபடாத இரும்புக் கம்பியே பயன்படுத்தப்படும் என்றும் ஆணையாயிற்று.

பயிற்சியாளர் அன்றே வேலையை விட்டுவிட்டார். அந்த இடத்துக்கு நானூறு பேர் மனுப் போட்டிருக்கிறார்கள். என் மைத்துனனும் ஒருவன். அவனுக்கு நீச்சல் தெரியாது. கம்பி விஷயத்தை அவனிடம் நானும் சொல்லவில்லை. நிரந்தர உத்தியோகமாயிற்றே. சிபாரிசுக் கடிதத்தை நானே எழுதிக் கொடுத்தேன்.