செட்டியார் பொம்மைக்குள் அத்தான்

வலங்கைமான் பக்கம்,
புரட்டாசி 20

சார்ஜாவில் ஏசி மெக்கானிக்காகப் பேரும் புகழுமாய் விளங்கும் அருமை மாப்பிள்ளை இளவழகனுக்கு, தாய்மாமன் ரெத்தினம் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதுவது. இங்கே ஆற்றைத் தவிர எல்லோரும் சௌக்கியம். உன் சௌக்கியத்துக்கும், உன் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்திருக்கும் முதலாளிக்கு நல்ல புத்தி வருவதற்கும் சுவாமிமலை முருகனிடம் சொல்லியிருக்கிறேன். என் வார்த்தைக்கு அங்கே மதிப்பு உண்டு.

உன் அப்பா, என் அத்தான் வைரக்கண்ணு, ஆடியில் காலமானதற்கு நீ வரவில்லை என்று யாரும் குறை சொல்லவில்லை. சொன்ன இரண்டு பேரும் நான் பேசிய பேச்சில் ஊரை விட்டே போய்விட்டார்கள். குறுவை இல்லாததால் அவர்கள் திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போக ஏற்கெனவே டிக்கெட் எடுத்திருந்தார்கள் என்பது வேறு விஷயம். உனக்குப் பதிலாகக் கொள்ளியும் நானே வைத்தேன், சுற்றுவட்டாரத்தில் அப்படியொரு கொள்ளியை யாரும் பார்த்ததில்லை என்கிறார்கள். அஸ்தி கரைப்பதுதான் நின்றுபோனது. மேட்டூரில் தண்ணீர் இல்லை, நம் ஆற்றில் இப்போது ஓடுவது மணல் லாரிதான். பம்புசெட்டில் கரைத்துவிடலாமா என்று அக்காவிடம் கேட்டேன். “அவரு என்ன யூரியாவாடா, வயலுக்குப் பாய்ச்ச? ஆத்துல தண்ணி வரட்டும். எம்புள்ள வரட்டும். அவன் கையாலதான் கரைக்கணும்” என்றாள் உன் அம்மா. வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்று தெருவில் சொன்னதால் அஸ்திக் கலயத்தைச் சுடுகாட்டு வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்டோம். மறுநாள் பார்த்தால் கலயத்தைக் காணோம். நான் ஸ்டேஷனுக்கே போனேன், இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று தன் நாற்காலியையே எனக்குக் கொடுத்தார். அக்கா மட்டும் பதறவில்லை. அப்போதே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது, காட்டிக்கொள்ளவில்லை.

இதற்குள் நவராத்திரி நெருங்கியது. சாவு விழுந்த வீட்டில் இந்த வருஷம் கொலு கிடையாது, ஆனால் அத்தான் சுட்டு, வர்ணம் அடித்து முடித்த பொம்மைகள் கொட்டகை நிறையக் கிடந்தன. அக்கா நாத்தனார் வீட்டுக்குப் போய்த் தங்கியிருந்தபோது, கும்பகோணத்துக் கடைகளுக்குப் பொம்மை எடுக்கிற ஜெக்கரியா பாய் வேனோடு வந்தார். நான் ஒரே பேச்சில் கொட்டகையைக் காலி செய்தேன். வைக்கோல் சுற்றி நான் ஏற்றிய நேர்த்தியைப் பார்த்து பாயே என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நாலைந்து நாள் கழித்து அக்கா திரும்பி வந்தாள், கொட்டகையைப் பார்த்தாள், படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“செட்டியாரெல்லாம் எங்கடா?”

“எல்லாம் போயாச்சுக்கா. ஒரு பீஸ் நிக்கல.”

“அதுல ஒண்ணுலதாண்டா உங்க அத்தான் இருக்காரு.”

செட்டியார் பொம்மை உனக்குத் தெரியாததா, கொலுவில் அரிசியும் பருப்பும் பரப்பி மளிகைக் கடை போட்டு, முன்னால் தொந்தியோடு உட்காரவைப்பார்களே, அதுதான். உள்ளே வெறும் கூடு, அடியில் ஓட்டை. கலயத்தை மரத்திலிருந்து அவிழ்த்துக்கொண்டு வந்தவளே உன் அம்மாதான். “மேல காக்கா கொத்துது, கீழ நாய் நிக்கிது, மனசு கேக்கல” என்றாள். சாம்பலை ஒரு செட்டியாருக்குள் போட்டு, ஓட்டையைக் களிமண்ணால் அடைத்து, நீ வரும்வரை இருக்கட்டும் என்று மற்றச் செட்டியார்களோடு சேர்த்து உட்காரவைத்துவிட்டாள். எல்லாம் ஒரே அச்சு.

நானும் சும்மா இருப்பேனா, அன்றைக்கே பாயைப் பிடித்தேன். “ஏங்க ரெத்தினம், செத்தவரோட மய்யித்தையா என் வேன்ல ஏத்திவிட்டீங்க?” என்று தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார். ஆனாலும் தங்கமான மனுஷன், தன் யாபாரத்தை விட்டுவிட்டு என்னோடு தெருத்தெருவாக வந்தார். கடைக்காரர்கள் அதற்குள் விற்றுவிட்டார்கள், வாங்கியவர்கள் கொலு வைத்துவிட்டார்கள். ஒரு வீட்டில், பொம்மைக்குக் காரண்டி பார்க்கிற கம்பெனி ஆபீசர் என்று சொல்லி, செட்டியாரைப் புரட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். “வச்ச பொம்மையை விஜயதசமி வரைக்கும் அசைக்கப்படாது” என்று அந்த மாமி சொல்லிவிட்டாள். உள்ளே எங்கள் வீட்டு ஆள் இருக்கிறார் என்று எப்படிச் சொல்வது? எதற்கும் இருக்கட்டும் என்று செட்டியார் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். பக்தியைப் பார்த்து மாமி இன்னொரு தொன்னை சுண்டல் கொடுத்தாள். இப்படியே வீடு வீடாக விழுந்து எழுந்ததில் முழங்கால் போய்விட்டது, சுண்டலைக் கண்டாலே கையெடுத்துக் கும்பிடுகிறேன். நேற்று எல்லா வீட்டிலும் கொலு எடுத்தார்கள். வரிசையாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டே போய், கடைசி வீட்டில் அத்தானைக் கண்டுபிடித்துவிட்டேன். புரட்டவே தேவைப்படவில்லை, மூஞ்சியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வேனில் முன் சீட்டில் என் மடியில் உட்காரவைத்துக் கொண்டுவந்து அக்கா கையில் ஒப்படைத்தேன். வேறு எவனாலும் முடிந்திருக்காது.

ஆகவே அத்தான் பத்திரம். ஐப்பசியில் தண்ணீர் திறப்பார்கள் என்று பேச்சு. நீ முதலாளியிடம் பதவிசாகப் பேசிப் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு வந்து உன் கையால் கரைத்துவிட்டுப் போ. காவேரி இனி பெருகினால், அதுபோல நீயும் பெருக வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

மாமா ரெத்தினம்

பி.கு.: அக்கா ரேஷன் கடைக்குப் போயிருக்கிறாள், அதற்குள் உண்மையை எழுதுகிறேன். கடைசி வீட்டுச் செட்டியாருக்கும் அடியில் அடைப்பு இல்லை. பாக்கி ஒரே ஒரு செட்டியார்தான். அவரை ஒரு குடும்பம் நவராத்திரிக்கு முன்பே அமெரிக்காவுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டதாம், எந்த ஊர் என்று கடைக்காரருக்கே தெரியவில்லை. நானும் பாயும் வழியில் வாய்க்காலில் இறங்கிக் களிமண் தேடினோம். எங்கேயும் ஈரமில்லை, பாயின் குடிதண்ணீரை ஊற்றிக் குழைத்துத்தான் அந்தக் காலிச் செட்டியாரின் ஓட்டையை அடைத்தோம். அக்கா வாங்கிக் கையில் ஏந்திப் பார்த்தாள். காலமெல்லாம் பொம்மை தூக்கிய கை. “லேசா இருக்காரே” என்றாள். நான் குனிந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டேன். அக்கா அதைத் துணியால் போர்த்திப் பரண்மேல் வைத்துவிட்டு, “கெடச்சிட்டாருன்னே எழுது. அப்பத்தான் புள்ள வரும்” என்றாள். அப்படியே எழுதிவிட்டேன்.

பாஸ்போர்ட் இல்லாமலே உன் அப்பா அமெரிக்கா போய்ச் சேர்ந்துவிட்டார் மாப்பிள்ளை. நீ எப்படியாவது வா. அவள் அந்தப் பொம்மையை எடுத்துக் கொடுப்பாள். ரெண்டு கையாலும் வாங்கு. கனமாக இருக்கிற மாதிரி வாங்கு.