ஊர்நம்பி வம்சத்து டச்சுக்காரர்

ஏழையாக இருப்பதில் எனக்கு என்றைக்கும் வெட்கம் இருந்ததில்லை. சாதாரண ஆளாக இருப்பதில்தான் வெட்கம். இருபத்தேழு வயதில் அது எனக்கு ஒரு வியாதியாகவே இருந்தது. (நாற்பத்தெட்டில் தானாகக் குணமாகிவிட்டது. வேறு வழியில்லை.) வியாதி முற்றியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாம்பார் ஆறிக்கொண்டிருந்த ஒரு மேஜையில், பிறந்தே இராத ஒரு பாட்டனாரை நான் நாலு பேருக்கு அறிமுகம் செய்துவைத்தேன்.

அறுபத்தேழு உலகப் பொருட்காட்சி முடிந்த மறுவருடம் மாண்ட்ரியாலுக்கு வந்தவன் நான். பௌதிகம் படிக்க வந்து, இரண்டாவது குளிர்காலத்தில் படிப்பை நிறுத்திவிட்டு, டோர்வல் விமான நிலையத்தில் பயணிகளின் சாப்பாட்டுத் தட்டில் ரொட்டியும் வெண்ணெயும் அடுக்கும் வேலைக்குப் போனேன். காரணம் கேட்டால் வசன கவிதை என்பேன். கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் என் அறை ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்தால் ஒரு கவிதை எழுதுவேன். விழாவிட்டால் விழாத பனியைப் பற்றி எழுதுவேன்.

பக்கத்துப் பல்கலைக்கழக நூலகத்தில் வரைபடங்களுக்கென்று தனி அறை உண்டு. அங்கே வேலை பார்த்தவள் வசந்தா. பன்னிரண்டு வயதில் பெற்றோருடன் இங்கே வந்தவள்; பிரெஞ்சில் சிந்தித்து, ஆங்கிலத்தில் கணக்குப் போட்டு, தமிழில் கிண்டல் செய்வாள். ஒரு சனிக்கிழமை, ஊர் ஞாபகத்தில், "நாகப்பட்டினம் இருக்கிற மேப் ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். மேஜையளவு பெரிய புத்தகம் ஒன்றைத் தூக்கிவந்து விரித்தாள். டச்சுக் கம்பெனி காலத்தில் வரைந்த நாகப்பட்டினம். கோட்டை, கடற்கரை, தென்னைகள், பல்லி முட்டை அளவுக்குக் கப்பல்கள். ஓரத்தில் A, B, C என்று இடங்களின் பட்டியல்.

எனக்குப் பூனைக்கண். சின்ன வயதில் தெருவே என்னை 'டச்சுக்காரன்' என்றுதான் கூப்பிடும். வேடிக்கையாகத்தான். ஆனால் கவிஞனிடம் யாரும் வேடிக்கையாக எதையும் சொல்லக்கூடாது. பட்டியலை விரலால் தடவிக்கொண்டே வந்தேன். A ஆஸ்பத்திரி, அது கம்பெனியுடையது. அடுத்து Bயில் ஒரு தோட்டம்: voornoemde என்பவருடையது. Cயில் கிணறு: மேலே சொன்ன அதே ஆள். (கவனியுங்கள், 'மேலே சொன்ன' என்று நானே எழுதுகிறேன். அன்று உறைக்கவில்லை.) Dயில் கல்லறைத் தோட்டம்: அதுவும் அவருடையதே.

"வூர்னோம்டே" என்று வாய்விட்டுப் படித்தேன். உடம்பு சிலிர்த்தது. நாகப்பட்டினத்தில் எங்கள் வீட்டுக்குப் பெயர் 'ஊர்நம்பி வீடு'. ஏன் அந்தப் பெயர் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. முதல் எழுத்து கடற்காற்றில் உதிர்ந்திருக்கும். வூர்னோம்டே, ஊர்னம்டி, ஊர்நம்பி. இதைவிடச் சுலபமாகப் பால்கூடத் தயிராகாது.

அதன் பிறகு ஆறு மாதம், ஒவ்வொரு சனிக்கிழமையும் வரைபட அறைதான். கம்பெனிப் பதிவேடுகளை அச்சிட்ட தடித்த தொகுதி ஒன்றையும் வசந்தா தேடிக் கொடுத்தாள். டச்சு அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்தேன், வூர்னோம்டேயைத் தவிர. பெயருக்கு யாராவது அகராதி பார்ப்பார்களா? கந்தசாமிக்கு என்ன பொருள் என்று நாம் தேடுகிறோமா?

பாட்டனார் சாமானியப்பட்டவர் இல்லை. பக்கத்துக்குப் பக்கம் வந்தார். நிலம் வாங்கினார், கப்பல் விற்றார், சாட்சிக் கையெழுத்துப் போட்டார். நாற்பது வருட இடைவெளியில் இரண்டு முறை இறந்தார். (மகனுக்கும் அதே பெயர் என்று தீர்மானித்தேன்.) ஓரிடத்தில் விதவையாகவும் இருந்தார். (அச்சுப்பிழை.)

"பேருன்னா முதல் எழுத்து பெருசா இருக்கணுமே. இது எல்லா இடத்திலயும் சின்ன v தானே?" என்று ஒருநாள் வசந்தா கேட்டாள்.

"பெரிய மனுஷங்க அடக்கமா இருப்பாங்க" என்றேன்.

அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, அடுத்த தொகுதியை எடுக்கப் போனாள்.

பிப்ரவரியில் விஷயம் கனத்தது. "மார்ச்ல ஒட்டாவாலேருந்து ஒரு இன்ஜினியர் என்னைப் பொண்ணு பார்க்க வர்றார். அப்பா ஏற்பாடு. அதுக்குள்ள நீங்க வந்து அப்பாகிட்ட பேசலைன்னா, அந்த இன்ஜினியரோடயே பேசி முடிச்சிடுவார்" என்றாள் வசந்தா. அவள் குரலில் அன்று கிண்டல் இல்லை.

அவள் அப்பா டாக்டர் தணிகாசலம். சொந்த ஊர் பாண்டிச்சேரி. அவருடைய கொள்ளுத்தாத்தாவின் தாத்தா அங்கே பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவராம். டாக்டர் கடையில் பால் வாங்கினால்கூடத் துபாஷி வந்துவிடுவார். "பிரெஞ்சு நமக்கு ரத்தத்திலயே இருக்கு" என்பார். அப்பேர்ப்பட்ட வீட்டில் போய், பாதிப் படிப்பும் ரொட்டி அடுக்கும் உத்தியோகமுமாக நிற்பதா? என்னிடமும் ஒருவர் இருந்தார் அல்லவா? துபாஷிக்கு நேர் எதிராக என் டச்சுக்காரரை இறக்குவது என்று முடிவு செய்தேன். ஆச்சரியமாக இருக்கட்டும் என்று வசந்தாவிடம்கூடச் சொல்லவில்லை. டாக்டருக்கு மட்டும் போன் செய்து, "டச்சு சம்பந்தமா ஒரு குடும்ப விஷயம் பேசணும் சார்" என்றேன்.

அந்த ஒரு வாக்கியம்தான் என்னைக் கவிழ்த்தது. டாக்டர் நல்ல மனிதர். டச்சு சம்பந்தம் என்றதும், தன் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கும் ஹாலந்துக்காரர் ஒருவரையும் அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட அழைத்திருந்தார். டாக்டர் ஹென்ட்ரிக். நெடிய உருவம், வெளுத்த புருவம். சாம்பாரைச் சூப் என்று நம்பிக் குடித்துக்கொண்டிருந்தார்.

அவரைப் பார்த்ததும் எவனும் பின்வாங்கியிருப்பான். நானோ, தூரத்து உறவினரைக் கண்டதுபோலக் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அப்பளத் தட்டை நகர்த்திவிட்டு, வரைபடத்தின் ஃபோட்டோஸ்டாட்டை விரித்தேன். தலைக்கு மேலே ஒரு விமானம் ஜன்னல்களை அதிர வைத்துக்கொண்டு போனது. அது அடங்கும்வரை காத்திருந்து, தொண்டையைச் செருமி, ஆங்கிலத்தில் சொற்பொழிவு தொடங்கினேன். இந்தத் தோட்டம் எங்களுடையது. இந்தக் கிணறு எங்களுடையது. கடல் எங்களுடையது என்று சொல்லவில்லை, ஆனால் படகுத்துறைவரை போனேன். வசந்தா சமையலறை வாசலில் மோர்ப் பாத்திரத்தோடு நின்று, வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். பரவசத்தில் ஆட்டுகிறாள் என்று நினைத்தேன்.

ஹென்ட்ரிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"இந்த மனிதரைப் பற்றி வேறு ஏதாவது தெரியுமா?" என்றார் ஆங்கிலத்தில்.

"இரண்டு முறை இறந்திருக்கிறார்."

"இருக்கும். இவருக்குச் சாவே கிடையாது. என் வீட்டு வாடகை ஒப்பந்தத்தில்கூட இருந்தார். 'வோர்னூம்ட' என்று சொல்ல வேண்டும். இது பெயர் இல்லை, தம்பி. மேலே குறிப்பிட்ட, அவ்வளவுதான். A ஆஸ்பத்திரி. B மேலே குறிப்பிட்டதன் தோட்டம். C மேலே குறிப்பிட்டதன் கிணறு."

டாக்டர் தணிகாசலம் மெதுவாகக் கேட்டார்: "உங்க அப்பாவுக்கு என்ன தொழில்னு சொன்னீங்க?"

"பத்திரம் எழுதுறார் சார். ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசல்ல."

"அப்ப 'மேற்படி'ங்கிற வார்த்தையை ஒருநாளைக்கு எத்தனை தடவை எழுதுவார்?"

அப்பா அதை வார்த்தையாக எழுதக்கூட மாட்டார். எழுதி எழுதிக் கை சலித்து, ௸ என்று ஒரு சுழியோடு முடித்துவிடுவார். அந்தச் சுழி வாங்கிக் கொடுத்த சோற்றில் வளர்ந்தவன் நான்.

"மேற்படி தோட்டம், மேற்படி கிணறு, மேற்படி கல்லறை" என்று டாக்டர் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தார். அவர் தொப்பை குலுங்க ஆரம்பித்தது. "ஆகக்கூடி ஆஸ்பத்திரிதான் உங்க முப்பாட்டன். நம்ம ரெண்டு பேரும் ஒரே வம்சம்." வசந்தாவின் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே ஓடினார்.

நான் ஃபோட்டோஸ்டாட்டைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். மாண்ட்ரியால் குளிர்காலத்தில் கோபித்துக்கொண்டு விருட்டென்று வெளியேறவும் முடியாது. பூட்ஸ் போட வேண்டும், கயிறு கட்ட வேண்டும், குல்லாய், கையுறை. இடது பூட்ஸோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது வசந்தா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கு மூணாவது சனிக்கிழமையே தெரியும். அகராதியில பார்த்தேன்."

"ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா நாலாவது சனிக்கிழமை வந்திருப்பீங்களா?"

பூட்ஸ் கயிறு என் கையில் அப்படியே நின்றது. அதற்குள் டாக்டர் வாசலுக்கு வந்துவிட்டார். மகள் தரையில் உட்கார்ந்திருப்பதையும், என் முகம் போன போக்கையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு அடங்கியிருந்தது.

"இதுக்காகவா வந்தீங்க, தோட்டம் கேட்டு?"

"இல்ல சார். வசந்தாவைக் கேட்டு" என்றேன். ஆறு மாத ஆராய்ச்சியில் நான் சொன்ன ஒரே சரியான தகவல் அதுதான்.

அவர் பத்திரம் வாசிக்கும் குரலில் சொன்னார்: "மேற்படி இளைஞர் மேற்படி படிப்பை முதல்ல முடிக்கட்டும். மேற்படி இன்ஜினியரை வர வேண்டாம்னு நான் சொல்லிடுறேன். மிச்சத்தைப் பிறகு பேசலாம். இப்ப பூட்ஸைக் கழட்டிட்டு வந்து மோர் சாதம் சாப்பிடுங்க."

படிப்பை முடித்தேன். கல்யாணமும் நடந்தது. மாண்ட்ரியாலிலேயே லாசால் பகுதியில் குடியேறினோம். பழைய வழக்கம் எதையும் பொருட்படுத்தாத வசந்தா, புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்ற இந்த ஒரு விஷயத்தில் மட்டும் திடீரென்று பரம பதிவிரதை ஆகிவிட்டாள். போன் வந்தால், "மேற்படியார் குளிக்கிறார்." மாமனார் கேட்பதும், "மேற்படியார் சாப்பிட்டாச்சா?" என் அப்பாவுக்குச் செய்தி போனதும், அவர் கடித உறையில் என் பெயரையே நிறுத்திவிட்டார்; ௸ சுழி மட்டும்தான்.

எழுபதுகளின் கடைசியில் மகளைப் பள்ளியில் சேர்த்தோம். முதல் வாரம் வகுப்பில், ஆசிரியை ஒவ்வொரு குழந்தையிடமும் அப்பா பெயரைக் கேட்டுப் பதிவேட்டில் எழுதிக்கொண்டாராம். குழந்தை வீட்டில் கேட்டதைச் சொல்லியிருக்கிறது. அந்த மாதக் கடைசியில் ஆசிரியையைப் பார்க்க நானும் வசந்தாவும் போனபோது அவர் எழுந்து கை நீட்டினார்.

"போன்ஜூர், மெஸ்யூ மேர்ப்படியார்."

பதிவேடு மேஜைமேல் திறந்திருந்தது. அழகான சாய்வெழுத்து, முதல் எழுத்து பெரியதாக. திருத்தலாம் என்று சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். வசந்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க" என்றாள். "பின்னாடி வர்றவங்களுக்கும் சனிக்கிழமையில ஏதாவது வேலை வேணாமா?"