வெள்ளிச் சிலையின் சம்மதம்

வீட்டில் பேசாமல் நின்றே பழகியவனுக்கும் இந்த உலகத்தில் ஒரு வேலை உண்டு என்று எனக்கு நாற்பத்தாறு வயதில்தான் தெரிந்தது. கடைத்தெருவில் சிலையாக நிற்பது. உடம்பெல்லாம் வெள்ளிப் பூச்சு, காலடியில் ஒரு டப்பா. மூச்சு விடுவதுகூடத் தெரியக்கூடாது. காசு விழுந்தால் மட்டும் குனிந்து வணங்க வேண்டும். எந்த நாட்டுத் தெருவில் நின்றாலும் இதே சட்டம்தான் என்றார், அதே தெருவில் வாசித்துக்கொண்டு, என்னையும் கூடச் சேர்த்துக்கொண்ட வயலின்காரர்.

மனைவியிடம், சனிக்கிழமைதோறும் ஆபீசில் கணக்கு முடிக்கிறேன் என்று அளந்துவிட்டிருந்தேன். தெருவில் யாராவது வாசித்தால் அவள் நின்று கேட்பாள். "வேலைவெட்டி இல்லாத கூட்டம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனவன் நான். அந்தக் கூட்டத்தில் நானே சேர்ந்துவிட்டதை எந்த முகத்தோடு சொல்வது?

போன சனிக்கிழமை நல்ல கூட்டம். அதை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள் என் மனைவி. கூடவே பக்கத்து வீட்டு அக்கா. பூச்சுக்குள் எனக்கு வியர்த்துக் கொட்டியது.

"உசிரு இருக்கா இதுக்கு?" என்றாள் அக்கா.

"இருக்குக்கா. வெயில்ல எப்படி நிக்கிறாரு பாருங்க. நின்னு பாத்துட்டுத்தான் போகணும். எங்க வீட்டுக்காரரும் பாவம், லீவு நாள்லகூட ஆபீஸ்ல மாடா உழைக்கிறாரு."

அந்தப் 'பாவம்' சுருக்கென்று தைத்தது. வெட்கத்தில் காது சுட்டது. நல்லவேளை, வெள்ளியில் சிவப்பு தெரியாது.

அவள் நெருங்கி வந்தாள். "சிலை ஐயா, ஒண்ணு கேக்கணும். பின்பக்க ரூம்ல அவரு ஈசிசேரைப் போட்டுத் தூங்குறாரு. அங்க என் தையல் மெஷினைப் போட்டுக்கறேன்னு ரெண்டு வருஷமா கேக்கறேன். அசைய மாட்டேங்கறாரு. போட்டுக்கலாமா?"

டப்பாவில் காசு விழுந்தது.

அந்த வீட்டில் எனக்கென்று இருப்பதே அந்த ஒரு ரூம்தான். ஆனால் குனியாவிட்டால் கூட்டம் சிரிக்கும். வாயைத் திறந்தால் குட்டு வெளிப்படும். குனிந்தேன். எல்லாரும் கைதட்டினார்கள்.

"ஈசிசேரை அக்காவுக்குக் குடுத்துடலாமா?" காசு. குனிந்தேன்.

"லீவு நாள்ல அவரு பாத்திரம் தேய்ச்சா தப்பில்லையே?" அதற்கும் காசு. எல்லாம் காலையில் என் சட்டைப்பையிலிருந்து அவள் எடுத்த சில்லறையாகத்தான் இருக்கும். குனிந்தேன். இடுப்பு வலித்ததைவிட மானம் அதிகமாக வலித்தது.

பூச்சைத் தேய்த்துக் கழுவிவிட்டு வீட்டுக்குள் நுழைந்தபோது பின்பக்க ரூமில் தையல் மெஷின் கடகடத்துக்கொண்டிருந்தது. ஈசிசேரைக் காணோம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யாரைக் கேட்டு இதெல்லாம்?"

"சம்மதம் வாங்கிட்டுத்தான் செஞ்சேன்."

"அது சம்மதமா? காசு விழுந்தா குனிஞ்சுதான் ஆகணும். அது தொழில்."

மெஷின் நின்றது. ஊசியில் நூலைக் கோத்தபடியே சொன்னாள்:

"அப்ப அது நீங்கதானா? எனக்கு இவ்வளவு நேரம் சந்தேகமாத்தான் இருந்துச்சு."