வெண்டலுக்கு வாய்த்த ஒரே துப்பாக்கி

ரொட்டி டப்பாவைத் திறந்தால் கைத்துப்பாக்கி இருக்கிறது. எந்த மனைவி சும்மா இருப்பாள்?

"ஏய்யா வெண்டல், ரொட்டி எங்க?"

"துப்பாக்கிக்கு அடியில."

"வீட்ல மொத்தம் எத்தனை இருக்கு?"

"ஆறு. டிரக்குல இருக்கறதச் சேர்த்தா ஏழு."

"உனக்குக் கை எத்தனை?"

அமெரிக்காவின் வயோமிங்கில் ஏழு என்பது ஒன்றும் அதிகமில்லை. பக்கத்து வீட்டுப் பாதிரியாரிடமே ஒன்பது இருந்தது. ஆனாலும் மனைவி டெல்மா தீர்ப்பு எழுதிவிட்டாள். ஏழையும் விற்றுத் தள்ளிவிட்டு, எல்லாவற்றுக்கும் உதவுகிற மாதிரி ஒன்றே ஒன்று வாங்க வேண்டும்.

வெண்டல் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டான். உள்ளுக்குள் ஒரே குதியாட்டம். ஆர்லோவின் துப்பாக்கிக் கடையில் நீளக்குழல் ரிவால்வர் ஒன்று இரண்டு வருஷமாக அவனைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டிருந்தது. செப்டம்பரில் எல்க் மான் வேட்டைக்கு மலையேறும்போது, கரடி வந்தால் சுட அது இடுப்பில் தொங்க வேண்டும். அதற்கு அரசாங்கக் குலுக்கலில் வேட்டை பர்மிட் விழ வேண்டும். ஆறு வருஷமாக விழவில்லை. இந்த வருஷம் டெல்மா பெயரிலும் அவனே ஒரு மனு போட்டிருந்தான். அந்த ஊர்க் கணவன்மார் எல்லாரும் செய்வதுதான். அவளுக்கு விழுந்தால் அவள்தான் சுட வேண்டும், ஆனாலும் கூடவே போய்க் காட்டையாவது சுற்றலாம். முடிவைக் கம்ப்யூட்டரில் பார்த்தால் ராசியில்லை என்பது அவன் நம்பிக்கை. தபாலில்தான் வர வேண்டும். தபால்பெட்டியைத் திறப்பது டெல்மா.

கடையில் ஆர்லோ நீளக்குழலை எடுத்து வைத்தார்.

"கரடிக்குச் சரி. இதச் சட்டைக்குள்ள மறைச்சுக்கிட்டுக் கடைத்தெருவுக்குப் போக முடியுமா?" என்றாள் டெல்மா.

"சட்டையப் பெருசா எடுத்துக்கலாம்" என்றான் வெண்டல்.

ஆர்லோ உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒன்றைக் காட்டினார்.

"இது பாக்கெட்டுக்குச் சரி. கரடிக்கு?"

"கரடி சிரிக்கும்மா" என்றார் ஆர்லோ.

கடைசியில் நடுத்தரமாக ஒரு ரிவால்வர் வந்தது. கரடிக்கும் மானுக்கும் கனமான தோட்டா, பழகுவதற்கு லேசான தோட்டா, பாம்புக்குச் சின்ன ரவை நிரப்பிய தோட்டா. மூன்றும் இதிலேயே போகும்.

"எல்லாத்துக்கும்னா எனக்கும் சேர்த்துத்தான? பிடி என் கைக்கு அடங்கணும்."

ஆர்லோ சின்னப் பிடியாக மாற்றினார். வெண்டலின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் வெளியே தொங்கின. நீளக்குழல் போனாலும் வேட்டைக்கு ஏதோ ஒன்று கிடைத்ததே என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

"துப்பாக்கி ஒண்ணு, ஆளு ரெண்டு. யாரு வெச்சுக்கறது?" என்று கேட்டாள் டெல்மா.

"இதென்ன கேள்வி? காட்டுக்குப் போறவங்கதான். வீட்ல இருக்கறவங்களுக்கு எதுக்கு?"

"யாரா இருந்தாலும்?"

"யாரா இருந்தாலும்!"

"ஆர்லோ, கேட்டுக்கிட்டீங்கல்ல?"

ஆர்லோ அவசரமாகக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

அதன்பிறகு சனிக்கிழமைதோறும் டெல்மா சுட்டுப் பழகினாள். வெண்டல் தோட்டாப் பெட்டியைச் சுமந்தான். 'நம்ம பெண்டாட்டிக்கும் ஆசை வந்துவிட்டதே' என்று அவனுக்கு ஒரே பெருமை.

ஆகஸ்டில் ஒரு காலை, டெல்மா இரண்டு உறைகளை மேஜையில் வைத்தாள். இரண்டையும் ஏற்கெனவே பிரித்திருந்தாள். பர்மிட் அவனுக்கு இல்லை. அவளுக்கு விழுந்திருந்தது.

வெண்டல் துள்ளி எழுந்தான். "அதனால என்ன? ரெண்டு பேரும் போவோம்!"

"வெறுங்கையோட கரடிக் காட்டுக்கா? நான் தாலியறுக்கணுமா? என் தங்கச்சி நோரீன் வரா. அவகிட்டத் துப்பாக்கி இருக்கு."

"அவளுக்கேது துப்பாக்கி?"

"நீ தள்ளிவிட்டதுல நல்லதா ஒண்ண அவதான் எடுத்துக்கிட்டா."

வெண்டல் கடிதத்தின் தேதியைப் பார்த்தான். "டெல்மா, இது வந்தப்ப வீட்ல ஏழும் இருந்துச்சே!"

"ஆமா."

"ஏன் சொல்லல?"

"நீ வருத்தப்படுவியேன்னுதான்."

செப்டம்பரில், ஆறு வருஷக் கனவு டெல்மாவின் இடுப்பில் ஏறிப் புறப்பட்டது. டிரக் கிளம்பும்போது ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"பத்து நாள் நான் தனியா இருக்கணும். ஆப்பிள் மரத்துக்குக் கரடி வந்தா?"

டெல்மா இறங்கி உள்ளே போனாள். பெரிய வாணலியும் கரண்டியுமாகத் திரும்பி வந்து அவன் கையில் கொடுத்தாள்.

"பலமாத் தட்டு, ஓடிடும். அப்புறம் அதுலயே முட்டை பொரிச்சுச் சாப்பிட்டுக்க."