மூத்திரத்துல மல்லியப்பூ வாசம்

அதத்தான் சொல்றேன், கேளு ஜோதி. அந்தப் பாட்டில்காரத் தம்பியாட்டம் ஒரு கிறுக்கன் நம்ம குமாரபாளையத்துலயும் கெடையாது, ஆத்துக்கு அக்கட்ட பவானியிலயும் கெடையாது. விடிஞ்சும் விடியாம ஆத்து மேல மஞ்சு நிக்கும். தறிச் சத்தம்கூடத் தூக்கத்துல மொனகறாப்பல கேக்கும். அந்நேரத்துக்கு ஐஸ் பொட்டியோட வந்து, "ஏனுங்கம்மா, ஆச்சுங்களா?"ம்பான். என்ன ஆச்சான்னா கேக்கற? மூத்திரந்தான்!

பிளாஸ்டிக்கு, வாசன சோப்பு, இதுல இருக்கற கெமிக்கலு நம்ம ஒடம்புல எறங்கி சுரப்பியக் கொழப்புதாம். எவ்வளவு எறங்கியிருக்குன்னு மூத்திரம் சொல்லிருமாம். அதுக்குக் காலேஜுல இருந்து அனுப்புன ஆளு. பவுடர் போட மாட்டான். டீக்கடையில கவருல சூடாக் கட்டறதப் பாத்தா, பாம்பப் பாத்தாப்பல பின்னால போவான்.

எங்க மருமவ செல்விக்கு ரெண்டு தடவ கரு தங்கல. இப்ப மூணாவது. "எனக்குள்ள என்ன இருக்குதுன்னு தெரிஞ்சே ஆகோணும் அத்தை"ன்னு மொத ஆளாப் பேரு குடுத்தா. ஆனா பாரு, இன்னொருத்தர் கையில ஒண்ணு குடுக்கறப்ப கழுவாமக் குடுப்பமா? அவன் தந்த கண்ணாடி பாட்டில மல்லியப்பூ சோப்புப் போட்டு வெளக்கிப்போட்டா. தெருவே அப்பிடித்தான் குடுத்துச்சு!

தம்பி மூடியத் தொறந்து மோந்தான். வாசப்படியிலயே உக்காந்துட்டான்.

"அம்மா, இதுல உங்க மருமவளக் காணோமுங்க. சோப்புத்தான் இருக்குது!"

"கழுவாம எப்பிடிங்க குடுக்கறது?"ன்னு இவ அழுவறா.

"அக்கா, இது விருந்தாளிக்குக் குடுக்கற மோரு இல்லீங்க!"

அழுவாச்சியிலயே சிரிச்சுட்டா.

மக்யா நாளு புதுப் பாட்டிலோட வந்தான். அவ கூச்சப்படறான்னு ஆத்தப் பாத்துத் திரும்பி நின்னுக்கிட்டான். அவ கொண்டாந்ததும் ரெண்டு கையில வாங்கி, கெழக்க தூக்கிப் புடிச்சான். எளவெயிலு உள்ள பூந்து தேனாட்டம் மின்னுச்சு. நான் கன்னத்துல போட்டுக்காததுதான் பாக்கி!

"பிளாஸ்டிக்குச் சங்கதி சாஸ்தியா இருக்குதுங்க. அதனாலதான் தங்கலைன்னு சொல்ல முடியாதுங்க. ஆனா கொறைக்கலாமுங்க"ன்னான் பொறவு, காலேஜுல சோதிச்சுப் பாத்துட்டு வந்து. அன்னைல இருந்து சாம்பாரு வாங்கக்கூட எவர்சில்வர் போசிதான் போகுது.

மறுபடி சோதிச்சாங்க. சேதி சொல்ல ஒத்தச் செருப்போட ஓடியாந்தான்: "கொறஞ்சிருச்சுங்கக்கா, கொறஞ்சிருச்சு!" செல்விக்கு இப்ப ஏழு மாசம். உள்ள கெடக்கறது ஒதைக்கற ஒதை!

கூடப் பொறந்தவன் இல்லாதவ பாரு, "தாய்மாமன் மொறைக்கு அந்தத் தம்பிதான் நிக்கோணும்"ங்கறா. நான் அவனுக்கு வேட்டியே எடுத்து வெச்சுட்டேன்.

ஐயோ, கொழாயில தண்ணி வந்துருச்சு. இரு கண்ணு, கொடத்த வெச்சுட்டு வாரேன்.